உப்புத் தண்ணீர் மேல் ஒரு பழி

திருவொற்றியூரில் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. முகம் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கத் தொடங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து சிக்கெடுக்கிறாள் தாய். சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வருகிறது. விரலில் சுற்றினால் எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டை.

“காஞ்சிபுரத்துல இருந்தவரைக்கும் இப்படி இல்லம்மா. இங்க வந்துதான் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது.”

“இந்த போர் தண்ணி அப்படிடி. ஒரே உப்பு. தலையில ஊத்துனா முடி எங்க நிக்கும்?”

பக்கத்து வீட்டு அக்காவும் தலையாட்டுகிறார். விசாரணை முடிந்தது, தீர்ப்பும் வந்துவிட்டது. ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை எந்தத் தெருவில் கேட்டாலும், முடி கொட்டுவதற்கு முதல் குற்றவாளி தண்ணீர்தான்.

இந்தச் சந்தேகத்தைப் பார்த்துச் சிரித்துவிட முடியாது. வட சென்னைக்காரர்கள் தண்ணீரைச் சந்தேகிக்கக் காரணம் நிறைய இருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் வயலுக்கும் ஆலைக்கும் நகரத்துக்கும் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்குக் கடல் உள்ளே வந்தது. கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய், எண்ணூர்க் குப்பங்களின் படகிலும் வலையிலும் மனிதர்கள் மேலும் அப்பிக்கொண்டது. காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தும், பல வீடுகளில் இன்றும் குடிக்க கேன் தண்ணீர், சமைக்க மெட்ரோ தண்ணீர், குளிக்க போர் தண்ணீர் என்று மூன்று தண்ணீர் புழங்குகிறது. இப்படி ஓர் ஊரில் முடி கொட்டினால் கை தானாகக் குழாயைத்தான் காட்டும்.

ஆனால் முடிக்கு ஒரு குணம் உண்டு. அது நடந்ததை உடனே சொல்லாது. மூன்று மாதம் கழித்துச் சொல்லும். அதனால்தான் முடி விஷயத்தில் பழியும் பாராட்டும் பெரும்பாலும் தவறான ஆளுக்கே போய்ச் சேர்கின்றன.

தண்ணீர் செய்வதும் செய்யாததும்

உப்புத் தண்ணி என்று நாம் சொல்வதில் இரண்டு சேர்ந்திருக்கின்றன. ஒன்று நாக்குக்குத் தெரியும் உப்பு. மற்றொன்று கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும் கடினத்தன்மை. தலைமுடிக்குத் தொந்தரவு தருவது பெரும்பாலும் இரண்டாவதுதான். கடின நீரில் சோப்புப் போட்டால் நுரை வராது. சோப்பும் கால்சியமும் சேர்ந்து வெள்ளைத் திப்பியாக மாறி முடியின் மேல் படியும். குளித்து முடித்தும் தலை பிசுபிசுவென்றும், காய்ந்தபின் வைக்கோல் போலவும் இருப்பது இதனால்தான். சிக்கு விழும். சிக்கை இழுத்து எடுக்கும்போது முடி அறுந்து வரும்.

அப்படியானால் கடின நீர் முடியைப் பலவீனமாக்குகிறதா? இதை நம் ஊரிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் 15 பேரின் முடியை எடுத்து, ஒரு பாதியைக் கடின நீரிலும் மறுபாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் 30 நாள் நனைத்து, எவ்வளவு இழுத்தால் அறுகிறது, எவ்வளவு நீள்கிறது என்று அளந்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. பின்னர் பாகிஸ்தானின் பன்னு மாவட்டத்தில் 70 ஆண்களின் முடியை மூன்று மாதம் இதே போல் சோதித்தபோது, கடின நீரில் நனைந்த முடி வலுக் குறைந்திருந்தது என்றார்கள். ஆக, முடி அறுவது பற்றி இரு தரப்பும் இன்னும் வாதாடலாம். வழுக்கை விழுவது பற்றிய வாதம் இந்த இரண்டு ஆய்விலும் கிடையாது. சோதித்தது வெட்டி எடுத்த முடியை.

வெளியே நீண்டு தெரியும் முடி உயிரற்ற பொருள். நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின் புரதம். உயிருள்ள இடம் தோலுக்குள் மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் வேர்க்கால். குளிக்கிற தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதில்லை. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் மீனவர்களை எண்ணிப் பாருங்கள். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் உச்ச வரம்பு லிட்டருக்கு 600 மில்லிகிராம். கடல்நீரில் அது ஏறக்குறைய பத்து மடங்கு. கடின நீரில் முடி கொட்டும் என்றால், பரம்பரை பரம்பரையாக அலையில் நனைந்தவர்களின் குப்பங்களில் சீப்பே விற்காது. அவர்கள் முடிக்கு நடப்பது வேறு. வெயில் நிறமியைச் சிதைத்துச் செம்பட்டையாக்குகிறது. உப்பும் காற்றும் முடியின் மேலோட்டைச் சொரசொரப்பாக்குகின்றன. சேதம் முழுவதும் வெளியே தெரியும் முடித் தண்டில்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கொட்டிய முடியை வெள்ளைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். நீளம் குறைவாக, இரு முனையும் ஒன்றுபோல இருந்தால் அது அறுந்த முடி. தண்ணீர், சோப்பு, சீப்பு, சூடேற்றும் கருவி, சாயம் இவற்றை அதற்குப் பொறுப்பாக்கலாம். ஒரு முனையில் குண்டூசித் தலைபோல வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தால் அது உள்ளிருந்து உதிர்ந்த முடி. “வேரோடு வருதே” என்று பலர் பயப்படுவது இந்தப் புள்ளியைப் பார்த்துத்தான். ஆனால் அது வேர் அன்று. வளர்ந்து முடித்த முடியின் காய்ந்த அடிநுனி. வேர்க்கால் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அடுத்த முடிக்கான வேலையைப் பெரும்பாலும் தொடங்கியும் இருக்கும்.

குழந்தை சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும்

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் தனித்தனி நாட்காட்டி வைத்திருக்கிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டுவரை, மாதம் ஒரு சென்டிமீட்டர் வீதம் வளரும். பிறகு இரண்டு, மூன்று வாரத்தில் வேர்க்கால் சுருங்கும். அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வு. ஓய்வு முடியும்போது பழைய முடி விழும், புதியது முளைக்கும். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருக்கும். பத்தாயிரம் முடி நூறு நாளில் விழ வேண்டும் என்றால், நாளுக்கு நூறு. தினமும் நூறு முடி வரை கொட்டுவது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

ஆளுக்கொரு நேரத்தில் ஓய்வெடுப்பதால்தான் ஆட்டையும் நாயையும் போல நமக்கு ஒரே பருவத்தில் மொத்தமாக உதிர்வதில்லை. சில சமயம் அந்த ஒழுங்கு குலையும். கடுங்காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது, பிரசவம் போன்ற ஒன்று வந்தால், உடம்பு ஏராளமான வேர்க்கால்களை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. உயிர் பிழைக்கும் வேலை இருக்கும்போது முடி வளர்ப்பது வீண் செலவு. அந்த முடி அன்றே விழாது. இரண்டு, மூன்று மாதம் அங்கேயே நின்றுவிட்டு, ஓய்வு முடிந்ததும் மொத்தமாக விழும். இதை 1961-இல் பெயர் சூட்டி விளக்கியவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன்.

நம் பாட்டிமார்கள் பெயர் சூட்டாமலே இதைக் கவனித்திருந்தார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். குழந்தை ஆளைப் பார்த்துச் சிரிப்பது இரண்டாம், மூன்றாம் மாதத்தில். கர்ப்பத்தில் உயர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜன் முடியை ஓய்வுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும். பிரசவத்தோடு அது சடாரென்று இறங்க, தேங்கிய முடியெல்லாம் ஒரேயடியாக ஓய்வுக்குப் போகிறது. மூன்று மாதம் கழித்துக் குழந்தை சிரிக்கிறது, முடி கொட்டுகிறது. காரணம் தவறு, காலக்கணக்கு அச்சுப் பிசகாமல் சரி. திருவொற்றியூர் வாசல்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியிலேயே பதில் இருந்தது. குற்றம் சுமத்தப்பட்டது குழாய் மேல்.

காய்ச்சலுக்கும் இதே கணக்கு. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டைஃபாய்டோடு படுத்து எழுந்தவர்களின் தலைமுறை இன்னும் இந்தப் பகுதியில் இருக்கிறது. காய்ச்சல் போய் முடி கொட்டத் தொடங்கியதும் பெரியபாளையத்தம்மனுக்கு மொட்டை போட்டு, அதன்பின் அடர்த்தியாக வளர்ந்ததைச் சொல்வார்கள். வேண்டுதலில் குறை சொல்ல எதுவுமில்லை. முடிக் கணக்கை மட்டும் சரிபார்க்கலாம். மொட்டை போடாவிட்டாலும் ஆறு மாதத்தில் அந்த முடி திரும்ப வந்திருக்கும். மழித்தால் அடர்த்தி கூடுவதில்லை. வளரும் முடியின் கூரிய நுனி போய், வெட்டுப்பட்ட மொட்டை நுனி வருவதால் தடவும்போது தடிமனாகத் தெரிகிறது. 1928-இலேயே அமெரிக்க மானிடவியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் சவரம் செய்த தாடி முடியை அளந்து, வேகமும் தடிமனும் மாறவில்லை என்று காட்டிவிட்டார்.

2020 மே மாதத்தில் சென்னை மாநகராட்சி மண்டலங்களிலேயே கொரோனா அதிகம் இருந்தது ராயபுரத்தில். கொரோனாவுக்குப் பிறகு முடி கொட்டுவது உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. மே மாதம் காய்ச்சலில் கிடந்த தலைக்கு முடி கொட்டும் மாதம் ஆகஸ்ட் வாக்கில் வரும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். புதிதாக வாங்கிய ஷாம்பு மட்டும் கண்ணெதிரே இருக்கும்.

டெங்குவோ பிரசவமோ, இந்த வகை உதிர்வுக்கு மருந்து பெரும்பாலும் தேவையில்லை. மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாக அடங்கும். இந்த இடைவெளியில் தலையில் தேய்த்த எண்ணெய் எதுவாக இருந்தாலும் அதற்குப் புகழ் கிடைத்துவிடும்.

தண்ணீரில் தேடினார்கள், கோதுமையில் இருந்தது

சூழலால் முடி கொட்டவே கொட்டாதா என்றால், கொட்டும். கொட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு அண்மையில் ஓர் உதாரணம் கிடைத்தது. 2024 டிசம்பர் இறுதியிலும் 2025 ஜனவரியிலும் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டம் ஷேகாவ் வட்டத்துக் கிராமங்களில் ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் சில நாட்களிலேயே தலை வழுக்கையானது. பாதிக்கப்பட்டவர்கள் 250-க்கும் மேல். அங்கேயும் முதலில் கைகாட்டப்பட்டது தண்ணீர்தான். அதில் நைட்ரேட் மிகுதி என்றார்கள்.

தேள்கடி சிகிச்சையால் புகழ்பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அந்த மக்களின் இரத்தம், சிறுநீர், முடி ஆகியவற்றோடு அவர்கள் தின்ற கோதுமையையும் சோதிக்க அனுப்பினார். ரேஷன் கடைக் கோதுமையில் கிலோவுக்கு 14.52 மில்லிகிராம் செலினியம் இருந்ததாக அவரது அறிக்கை சொன்னது. இருக்கலாம் என்று ஏற்கப்பட்ட அளவு 1.9. பஞ்சாபின் சில பகுதி மண்ணில் செலினியம் மிகுதி. அங்கு விளைந்த கோதுமை அதை உறிஞ்சிக்கொள்ளும். முடிக்கு உறுதி தருவது கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகள். செலினியம் கந்தகத்தின் பங்காளி போல வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் பிணைப்பு தளர்ந்துவிடும். அவர் கணக்கில், விஷம் குளித்த நீரில் இல்லை, தின்ற ரொட்டியில் இருந்தது. வேர்க்காலுக்குச் செல்லும் பாதை தோலின் மேலிருந்து வருவதில்லை. இரத்தத்தின் வழியே வருகிறது.

எண்ணூருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒருவருக்கு முடி கொட்டினால் அது அவர் உடம்பின் கதை. ஒரே தெருவில் பலருக்கு ஒரே வாரத்தில் கொட்டினால் அது சுகாதாரத் துறைக்குத் தெரிய வேண்டிய செய்தி. அப்போது ஷாம்புவை மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. தண்ணீர், உணவு, காற்று மூன்றையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூசித் துகளும் டீசல் புகைத் துகளும் பட்ட மனித வேர்க்கால் செல்களில், முடி வளர்ச்சிக்குத் தேவையான புரதங்கள் குறைகின்றன என்று 2019-இல் தென்கொரிய ஆய்வாளர் ஒருவர் மாட்ரிட் மாநாட்டில் சொன்னார். அது ஆய்வகத் தட்டில் இருந்த செல். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டும் தலைக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. அந்தக் காற்று முடியைவிட நுரையீரலுக்கு எவ்வளவு கெடுதல் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

தாய்மாமன் சீதனம்

இதுவரை பார்த்தது கொட்டி முளைக்கும் கதை. மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் நெற்றி ஏறி உச்சி வெளுப்பது வேறு கதை. ஆண்களின் வழுக்கையில் பெரும்பகுதி இதுதான். இதில் முடி கொத்தாக விழாது. ஒவ்வொரு சுற்றிலும் முளைக்கும் முடி கொஞ்சம் மெலிந்து, குட்டையாகிக் கடைசியில் பூனைமுடியாகிவிடும்.

இதன் சூத்திரதாரி டி.எச்.டி. எனும் ஹார்மோன். டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி மாற்றியமைப்பதால் உருவாவது. இதைக் கண்டுகொள்ள உதவியது கரீபியத் தீவு நாடான டொமினிகன் குடியரசின் ஒரு மலைக் கிராமம். அங்கே சில ஆண்பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைவு. ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லியும் குழுவினரும் 1974-இல் அவர்களைப் பற்றி எழுதினார்கள். வளர்ந்த பின்னும் அவர்களுக்குப் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, முன்நெற்றி ஏறவில்லை. அந்த நொதியைத் தடுக்க உருவான மருந்துதான் ஃபினாஸ்டெரைட். புராஸ்டேட் வீக்கத்துக்கு 1992-இலும், ஐந்தில் ஒரு பங்கு அளவில் வழுக்கைக்கு 1997-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்றொரு மருந்தான மினாக்ஸிடில் இரத்தக் கொதிப்பு மாத்திரையாகப் பிறந்தது. தின்றவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்து, தலையில் தடவும் திரவமாக்கினார்கள். அதற்கு 1988-இல் அனுமதி கிடைத்தது.

இவ்வளவு ஆண்டுக்குப் பின்னும் ஆண் வழுக்கைக்கு உறுதியான சான்று அதிகம் உள்ள மருந்துகள் இந்த இரண்டும்தான். இவற்றுக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. மினாக்ஸிடில் தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருந்த வேர்க்கால்கள் வேலைக்குத் திரும்பும்போது பழைய முடியைத் தள்ளிவிடுகின்றன. இது தெரியாமல் பயந்து பாதியில் விடுபவர்கள் பலர். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலை. ஃபினாஸ்டெரைட் ஆண்மை தொடர்பான கோளாறுகளைச் சிலருக்குத் தரலாம். மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கையும் உண்டு. கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது என்பது விதி. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மருந்தல்ல அது.

தாய்மாமனுக்கு வழுக்கை என்றால் மருமகனுக்கும் என்று ஊரில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த ஹார்மோனுக்கு வேர்க்கால் எவ்வளவு பணியும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு முக்கிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் அதைத் தாயிடமிருந்துதான் பெறுகிறான். ஆனால் வேறு பல மரபணுக்களும் பங்கெடுக்கின்றன. ஆகவே அப்பா முழுதாகத் தப்பித்துக்கொள்ள முடியாது.

பெண்களுக்கு நெற்றி ஏறாது, வகிடு அகலமாகும். இங்கே தண்ணீரைவிட முன்னால் விசாரிக்க வேண்டியவை இரண்டு: இரும்புச் சத்தும் தைராய்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். மாதவிடாய் தாறுமாறாக இருந்து, முகத்தில் முடியும் வளர்ந்தால் சினைப்பைக் கோளாறையும் பார்க்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் எண்ணெய்ப் புட்டிக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை.

பூச்சி இல்லாத புழுவெட்டு

திடீரென்று காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று முடி போய்விடுவதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் காவல்படை தன் வேர்க்காலையே அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பது நம் வைத்தியம். 2002-இல் இராக்கில் 38 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு முடி வந்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் இருவருக்கு மட்டும். நம்பிக்கையூட்டும் முடிவுதான். ஆனால் மிகச் சிறிய ஆய்வு. சின்ன வட்டங்கள் பல சமயம் தானாகவே மூடிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பரவும் வட்டங்களுக்குத் தோல் மருத்துவர் போடும் ஸ்டீராய்டு ஊசி பலன் தரும். தலைமுடியைப் பெருமளவில் இழந்தவர்களுக்காக, நோய் எதிர்ப்புச் செல்களின் சமிக்ஞையை அடக்கும் பாரிசிட்டினிப் மாத்திரை 2022 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலையும் கண்காணிப்பும் கூடுதல்.

குழந்தையின் தலையில் செதிலோடு முடி ஒடிந்து போனால் புழுவெட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பூஞ்சை முடிக்குள்ளேயே குடியிருப்பதால் மேல்பூச்சு போதாது. சில வாரம் மாத்திரை தேவைப்படும்.

எண்ணெய் யாருக்கு, ஷாம்பு யாருக்கு

தேங்காய் எண்ணெய் முடியை வளர்க்கிறதா? வேரில் வேலை இல்லை, தண்டில் உண்டு. மும்பையில் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரெலேயும் மொஹிலேயும் 2003-இல் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய்கள் மூன்றையும் ஒப்பிட்டார்கள். அலசும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும். அதன் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, முடிக்குள் புகும். எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே, கடின நீரில் குளிப்பவர்களுக்கு ஒரு யோசனை சொல்லலாம். குளிப்பதற்கு முந்தைய இரவோ ஒரு மணி நேரம் முன்போ முடியின் நீளத்தில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சோப்புக்குப் பதில் ஷாம்புவோ சீயக்காயோ போடுங்கள். கடைசிக் குவளை மட்டும் மெட்ரோ தண்ணீரில் அலசுங்கள். முடி அறுவது குறையும்.

முடி எண்ணெயை எவ்வளவு விரும்பும் என்பதற்கு ஒரு சாட்சி. 1989-இல் அலாஸ்காவில் கப்பல் எண்ணெய் கடலில் கொட்டியபோது, நீர்நாய்களின் ரோமம் எண்ணெயை உறிஞ்சுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த முடிதிருத்துநர் ஃபில் மெக்ரோரி, வெட்டிய முடியால் எண்ணெய் உறிஞ்சும் மெத்தைகள் செய்தார். 2023-இல் எண்ணூரில் வாளியும் கையுமாக எண்ணெய் அள்ளியவர்களின் தலையிலும் அந்தப் பிசுக்கு ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட பிசுக்கைப் போக்க மண்ணெண்ணெயோ டீசலோ தேய்த்தால் தோல் புண்ணாகும். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு ஷாம்பு போட்டாலே இளகி வரும்.

பொடுகுள்ள தலைக்கு மட்டும் எண்ணெய் ஆகாது. தலைத்தோலில் குடியிருக்கும் மலாசீசியா பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்கிறது. அதன் கழிவு தோலை அரிக்கிறது. தோல் செதில் செதிலாக உரிகிறது. எண்ணெய் வைத்தால் செதில் ஒட்டிக்கொண்டு மறையும், பூஞ்சைக்கு விருந்து நடக்கும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் நாள் முழுக்கப் பாதுகாப்புத் தொப்பி அணிபவர்களுக்கும் ஹெல்மெட்டோடு வண்டி ஓட்டுபவர்களுக்கும் வியர்வையால் இது அதிகம். ஹெல்மெட் வழுக்கையைக் கொண்டுவராது. உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டி, அதைத் தினமும் துவைத்தால் போதும். கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, தலைத்தோலில் ஐந்து நிமிடம் வைத்திருந்து அலச வேண்டும். போட்டதும் கழுவினால் நுரைதான் மிச்சம். இறுக்கிப் பின்னி, இழுத்துக் கொண்டை போடுபவர்களுக்கு நெற்றியோரம் முடி தேயும். ஆண்டுக்கணக்கில் இழுத்தால் அது திரும்பாது.

வாக்குறுதியின் விலை

வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்பது இந்தியச் சட்டம். மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. பேருந்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் விளம்பரம் அந்தப் பட்டியலைப் படித்ததாகத் தெரியவில்லை.

முடி மாற்று சிகிச்சை உண்மையான சிகிச்சைதான். பின்மண்டை வேர்க்காலை எடுத்து முன்னால் நட்டாலும் அது பிறந்த இடத்தின் குணத்தை விடாது, கொட்டாது என்று 1959-இல் நியூயார்க் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் காட்டினார். ஆனால் அது அறுவை சிகிச்சை. 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொள்ளப் போன இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். யூடியூப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்ல வேண்டி வந்தது. செய்பவர் யார், மயக்க மருந்து கொடுப்பவர் கடைசிவரை அறையில் இருப்பாரா, அவசரத்துக்கு என்ன வசதி என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைக்கும் ராயபுரம் ஸ்டான்லியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கினால் பணம் கட்டாமல் பார்த்துவிடலாம். போகும்போது ஒரு தாளில் கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, புதிய மாத்திரை, இளைக்க எடுத்த முயற்சி எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

திருவொற்றியூர்ப் பெண் ஐந்தாம் மாதம் குழந்தையோடு காஞ்சிபுரம் திரும்புவாள். ஆறாம் மாதம் சீப்பில் முடி குறையும். நெற்றியோரம் புது முடி குட்டை குட்டையாக எழும்பி நிற்கும். அம்மாவுக்கு அலைபேசியில் சொல்வாள்: “இங்க வந்ததும் நின்னுடுச்சும்மா.”

“தண்ணிதான்டி. நான் அப்பவே சொன்னேன்ல?”